ரீச்சரிடம் கேளுங்கள்: யாப்பில் ஒட்டிய துண்டுகள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு, இலங்கையின் அரசியலமைப்புக்கு, அதாவது யாப்புக்கு, இதுவரை 21ஆவது திருத்தம் வரை வந்திருக்கிறது என்று நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு வரியைப் பற்றித்தான். ஆகவே இம்முறை சமையல், பரீட்சை, காணிப் பிரச்சினை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். முப்பது வருடம் குடியியல் படிப்பித்தவளுக்கு இப்படியொரு வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

கேள்வி: யாப்பை முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் பிறகு திருத்த வேண்டி வராதுதானே, ரீச்சர்?
உயர்தர மாணவி, மல்லாவி

பிள்ளை, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக் கதையைச் சொல்கிறேன். அதற்கும் ஒரு யாப்பு உண்டு, எட்டுப் பக்கம். பொதுக்கூட்டம் நடத்த வேண்டுமானால் அங்கத்தவர்களில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. எழுபதுகளில் அதை எழுதியவர்கள் நல்ல நோக்கத்தில்தான் எழுதினார்கள். நாலு பேர் கூடி முழு ஊரின் பெயரில் முடிவெடுக்கக் கூடாது என்ற எண்ணம்.

2010இல் மீள்குடியேறி வந்து பார்த்தால், இடாப்பில் 112 பேர், ஊரில் 47 பேர். மற்றவர்கள் சிலர் வெளிநாட்டில், சிலர் வவுனியாவில், சிலரைப் பற்றி எதுவும் தெரியாது, சிலர் இல்லை. கூட்டம் கூட்ட முடியவில்லை. விதியை மாற்றவும் கூட்டம் வேண்டும். “போர் முடிந்து வந்திருக்கிறோம், ஆர் கேட்கப் போகிறார்கள், கையெழுத்தை வைத்துவிட்டு நடத்துவோம்” என்றார்கள் இளைஞர்கள். எங்கள் பழைய தலைவர் மறுத்துவிட்டார். வீடு வீடாகப் போய், இறந்தவர்களின் பெயரைக் குடும்பத்தின் கையெழுத்துடன் நீக்கினோம். வெளியூரில் இருந்தவர்களிடம் கடிதம் வாங்கினோம். காணாமல் போனவர்களின் பெயரை மட்டும் நீக்கவில்லை. நீக்கச் சொல்லி அந்தத் தாய்மாரிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நாலு மாதம் எடுத்தது. பிறகு கூடி, பாதி என்பதை மூன்றில் ஒன்று என்று திருத்தினோம்.

ஏன் திருத்த வேண்டும் என்ற உன் கேள்விக்கு அந்த 112உம் 47உம்தான் பதில். எழுதியவர்கள் பிழையாக எழுதவில்லை. அவர்கள் எழுதிய ஊர் மாறிவிட்டது. ஏன் திருத்துவது கடினமாக இருக்க வேண்டும் என்பதற்குப் பதிலும் அந்த நாலு மாதத்துக்குள்ளேயே இருக்கிறது.

நாட்டின் யாப்புக்கும் இப்படி நியாயமான திருத்தங்கள் வந்திருக்கின்றன. 1978 யாப்பின்படி ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காத கட்சிக்கு ஆசனமே கிடையாது. 1988 டிசம்பரில் வந்த 15ஆவது திருத்தம் அதை இருபதில் ஒன்றாகக் குறைத்தது. சின்னக் கட்சிகளுக்கு உயிர் வந்தது அந்த ஒரு எண்ணால்தான்.

எல்லாத் திருத்தமும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிடக் கூடாது என்று இருந்ததை 2010இல் 18ஆவது திருத்தம் நீக்கியது. 2015இல் 19ஆவது திருப்பிக் கொண்டுவந்தது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்கள் நாடாளுமன்றம் வரக் கூடாது என்றது அதே 19. வரலாம் என்றது 2020இல் 20. கூடாது என்றது 2022இல் 21. எட்டு வருடத்துக்குள் ஒரே கதவு மூடி, திறந்து, மறுபடியும் மூடியது. அங்கே மாறியது மக்களின் தேவையா, ஆட்சியில் இருந்தவர்களின் தேவையா என்று வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.

கேள்வி: யாப்பைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டும் என்றால், அன்று சபைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டா?
விவசாயி, முரசுமோட்டை

இல்லை ஐயா. மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு. 225 பேரில் 150 பேர் கை உயர்த்த வேண்டும். வராதவரும் வாக்களிக்காதவரும் எதிர்த்தவரைப் போலத்தான் கணக்கில் நிற்பார்கள்.

கேள்வி: ஒரு திருத்தம் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது? எங்களைப் போன்றவர்கள் அதில் எங்கேயாவது நுழைய முடியுமா, அல்லது செய்தி பார்ப்பதோடு சரியா?
கடை உரிமையாளர், நெடுங்கேணி

இரண்டாவது கேள்விக்காகவே உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன் தம்பி.

அமைச்சரவை ஒரு திருத்தம் வேண்டும் என்று தீர்மானித்தால் சட்டவரைஞர் அதை எழுதுவார், சட்டமா அதிபர் பார்ப்பார். பிறகு சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவரும். “அரசியலமைப்பைத் திருத்துவதற்கான சட்டமூலம்” என்று அதன் நீண்ட தலைப்பில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். வேறொரு சட்டத்துக்குள் சத்தமில்லாமல் ஒளித்து வைத்து யாப்பைத் திருத்த முடியாது. 82ஆம் உறுப்புரையில் எனக்குப் பிடித்த பகுதி இது. திருத்துகிறாயா, திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருத்து என்கிறது யாப்பு.

வர்த்தமானியில் வந்து 14 நாள் ஆன பிறகுதான் நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது அலுவல் பட்டியலில், அதைச் சேர்க்கலாம். உங்கள் கதவு அங்கே திறக்கிறது. ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்த பிறகு ஒரு குறுகிய கால எல்லைக்குள் எந்தக் குடிமகனும் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டத்தரணியாகவோ கட்சித் தலைவராகவோ இருக்க வேண்டியதில்லை, நெடுங்கேணியில் கடை வைத்திருந்தாலும் போதும். இந்தத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு மட்டும் போதாது, மக்களிடம் கேட்க வேண்டும் என்று வாதாடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் முடிவை ஜனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அறிவிக்க வேண்டும். அதன் பிறகே இரண்டாம் வாசிப்பு, குழுநிலையில் சொல்லுக்குச் சொல் திருத்தம், மூன்றாம் வாசிப்பு, 150 வாக்கு, சபாநாயகரின் சான்று.

கதவு திறக்கிறது என்று எளிதாக எழுதிவிட்டேன். ஆனால் ஒரு காலத்தில் அது திறந்த வேகத்திலேயே மூடியது. “அவசர சட்டமூலம்” என்று அமைச்சரவை முத்திரை குத்திவிட்டால் வர்த்தமானியும் இல்லை, மக்களுக்கு நாளும் இல்லை. நீதிமன்றத்துக்குக் கிடைத்தது 24 மணித்தியாலம், கூடினால் மூன்று நாள். 18ஆவது திருத்தம் அந்த வழியில்தான் வந்து, 2010 செப்டெம்பர் 8ஆம் திகதி 161 வாக்குகளால் நிறைவேறியது. பள்ளிக்கூட மலசலகூடம் கட்டக்கூட அதைவிடக் கூடிய நாள் அறிவித்தல் போடுகிறோம். அந்த அவசர வழியை இப்போது அடைத்திருக்கிறார்கள். அடைபட்டே இருக்க வேண்டும்.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள் உரக்கப் பேசினால் உள்ளே கேட்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 19ஆவது திருத்தத்தின் சில பகுதிகளுக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அரசாங்கம் அந்தப் பகுதிகளைக் கைவிட்டுவிட்டு மீதியை 2015 ஏப்ரல் 28 அன்று 212 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவர் ஒரே ஒருவர். தகவல் அறியும் உரிமை 14அ உறுப்புரையாக யாப்புக்குள் வந்தது அன்றுதான். அதே திருத்தத்தை வைத்துத்தான் 2018 டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்கள், நாடாளுமன்றம் கூடி நாலரை வருடம் ஆக முன்பு ஜனாதிபதி தன் எண்ணத்துக்கு அதைக் கலைக்க முடியாது என்று ஒருமனதாகத் தீர்த்தார்கள்.

வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியை எடுத்து வாசியுங்கள். உங்கள் ஊரில் போட்டோப் பிரதிக் கடை இருக்கும். வாசிக்கும்போது கடைசி வாசகத்தையும் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே எழுதியிருக்கும். ஆகவே ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் சிங்களம் தெரிந்த ஒருவருடன் சேர்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிய யாப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் “ஏக்கிய இராச்சிய” (ஒற்றையாட்சி என்று பொருள்படுவது) என்றும் தமிழில் “ஒருமித்த நாடு” என்றும் எழுதி வைத்ததால் எத்தனை சண்டை வந்தது என்று நினைவிருக்கும். ஒரு சொல் எந்த மொழியில் எப்படி நிற்கிறது என்பது சின்ன விடயமில்லை.

கேள்வி: சர்வசன வாக்கெடுப்பு என்று ஒன்று உண்மையில் நடந்திருக்கிறதா? எதற்கு அது தேவை?
இளைஞர், புதுக்குடியிருப்பு

ஒரே ஒரு தடவை நடந்தது, 1982 டிசம்பர் 22இல். எனக்கு அப்போது 26 வயது, ஒரு வாக்குச் சாவடியில் எழுதுவினைஞராகக் கடமை. 1977இல் தெரிவான நாடாளுமன்றம் தேர்தலுக்குப் போகாமல் இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். ஒரு வயதான அம்மா வாக்குச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒருத்தற்ரை பேரும் இல்லையே பிள்ளை, இது ஆருக்குப் போடுறது?” என்று என்னிடம் கேட்டார். கடமையில் இருப்பவள் பதில் சொல்லக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்தவரின் பெயரை வாசித்தேன். அந்தக் கேள்விக்குப் பிற்பாடு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியிருப்பேன், அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணம் மாவட்டம் குடத்தின் பக்கம் பெருவாரியாக நின்றது. நாடு முழுவதும் சேர்த்து எண்ணியபோது விளக்குக்கு 54 வீதத்துக்குச் சற்று மேல். அந்த நாடாளுமன்றம் 11 வருடம் இருந்தது. இதன் நடுவில், 1983 ஓகஸ்டில், 6ஆவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று உறுப்பினர்களும் அரச ஊழியர்களும் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. சத்தியம் செய்யாத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனத்தை இழந்தார்கள். 1987 நவம்பரில் எங்களுக்கான மாகாண சபைகளை 13ஆவது திருத்தமாக அதே நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, நாங்கள் 1977இல் தெரிந்து அனுப்பிய கூட்டணிக்காரர் அந்தச் சபையில் இல்லை. எங்களைப் பற்றிய திருத்தம், எங்கள் கை உயராமல் வந்தது. இதை எத்தனை தடவை படிப்பித்தாலும் அந்த இடத்தில் என் குரல் ஒருமுறை தட்டும்.

எதற்குத் தேவை என்று கேட்டீர்கள். 83ஆம் உறுப்புரை சிலவற்றுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டிருக்கிறது. நாட்டின் பெயர், ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, கொடி, கீதம், தேசிய தினம், பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிந்தனைக்கும் மதத்துக்கும் உள்ள சுதந்திரம், சித்திரவதைத் தடை, அப்புறம் அந்த 83ஆம் உறுப்புரையே. இவற்றைத் தொட்டால் 150 பேர் போதாது, நாடே வாக்களிக்க வேண்டும். ஜனாதிபதியின் அல்லது நாடாளுமன்றத்தின் காலத்தை ஆறு வருடத்துக்கு மேல் நீட்டுவதற்கும் அப்படித்தான்.

சித்திரவதைத் தடையைக் கொடிக்கும் கீதத்துக்கும் சமமாகப் பூட்டி வைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 12ஆம் உறுப்புரையைத் தேடிப் பாருங்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம், இனம், மதம், மொழி, சாதி பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்பது அது. அந்தப் பட்டியலில் அது இல்லை. மூன்றில் இரண்டு கிடைத்தால் அதைத் தொடலாம். 2016இல் மக்கள் கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாக வந்தபோது நானும் வரிசையில் நின்று இதைத்தான் சொன்னேன். ஐந்து நிமிடம் தந்தார்கள். 12ஐயும் 83க்குள் போடுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடமே போதுமாக இருந்தது.

கேள்வி: சிறுபான்மையினரின் உரிமையை யாராலும் மாற்ற முடியாத பிரிவு என்று எழுதி வைத்துவிட்டால் பாதுகாப்புத்தானே?
பல்கலைக்கழக மாணவர், வவுனியா

அப்படி ஒன்று இருந்தது தம்பி. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு. ஒரு இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்றது. அதை மாற்றவே முடியாது என்ற கருத்தை 1964இல், அப்போது எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில்கூட ஒரு வழக்கில் சொன்னது. என்ன நடந்தது? 1970இல் வென்ற அரசாங்கம் அந்தப் பூட்டைத் திறக்கவே முயலவில்லை. உறுப்பினர்களை நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூட்டி, புதிய வீடே கட்டியது. 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தபோது 29ஆம் பிரிவு பழைய வீட்டோடு போய்விட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். 29 உயிரோடு இருந்த காலத்தில்தான் 1948 பிரசாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. வழக்கு நீதிமன்றம் வரை போனது, 29 அவர்களைக் காப்பாற்றவில்லை. என் வகுப்புகளில் இருந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர், பிறகு கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். 29ஆம் பிரிவைப் படிப்பிக்கும் நாளில் அவர்களின் முகத்தைப் பார்த்துப் படிப்பிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இந்தியாவில் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், யாப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 13ஆவது திருத்தத்தை ஆராய்ந்தபோது அந்தக் கோட்பாட்டை எங்கள் உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை ஏற்கவில்லை. ஆகவே எங்களிடம் இருப்பது 150 என்ற எண்ணும் 83ஆம் உறுப்புரையும் மட்டுமே. விகிதாசார முறையில் ஒரே கட்சிக்கு மூன்றில் இரண்டு கிடைக்காது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்தது. பிழையைத் திருத்திக்கொள்கிறேன், என் பழைய மாணவர்களும் கொப்பியில் திருத்திக்கொள்ளுங்கள். அந்தப் பலத்தை நல்லதற்குப் பயன்படுத்தலாம், கெட்டதற்கும் பயன்படுத்தலாம். வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து போகும் ஆறு பேரும் ஒன்றாக எதிர்த்தாலும் தடுக்கும் கணக்கு அதில் இல்லை.

கேள்வி: 13ஐ நீக்கிவிடப் போகிறோம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது அவ்வளவு சுலபமா?
கடற்றொழிலாளி, முல்லைத்தீவு

மாகாண சபைகள் பற்றிய அத்தியாயத்தை மாற்றுவதானால், ஒழுங்குப் பத்திரத்தில் போட முன்பு ஜனாதிபதி அந்தச் சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாச் சபைகளும் சம்மதித்தால் சாதாரண பெரும்பான்மை போதும். ஒன்று மறுத்தாலும் மூன்றில் இரண்டு வேண்டும்.

சபையின் அதிகாரத்தில் கைவைக்கும் சட்டமும் இதேபோல் சபைகளிடம் போக வேண்டும். 2012இல் வறுமை ஒழிப்புக்கான திவிநெகும சட்டமூலம் அப்படிப் போனபோது வடக்கில் தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை, ஆளுநர் சம்மதம் என்றார். மக்கள் தெரிந்த சபைக்குப் பதிலாக ஆளுநர் சொல்ல முடியாது என்று உயர் நீதிமன்றம் மறுத்தது. மூன்றில் இரண்டு இல்லாமல் அந்தச் சட்டம் நகர முடியவில்லை. இல்லாத சபையின் வெற்றுக் கதிரைக்கும் அன்று ஒரு பெறுமதி இருந்தது.

2013 செப்டெம்பரில் நாங்கள் வாக்களித்து அமைத்த வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றி 2017இல், யாப்பைத் தொடாமல், ஒரு தேர்தல் சட்டம் கொண்டுவந்தார்கள், எல்லை நிர்ணயம் முடியவில்லை, தேர்தல் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போனது. 13ஐ நீக்க யாப்பையே திருத்த வேண்டும் அண்ணை. அதை வெறுமையாக்க அந்தத் தேர்தல் சட்டமே போதுமாக இருந்தது. நீக்குகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், தேர்தல் எப்போது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.

கேள்வி: தமிழும் அரசகரும மொழி என்று யாப்பில் எழுதியிருக்கிறதாம். எனக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களம். திருத்தம் எதற்கு, ரீச்சர்?
தாய் ஒருவர், செட்டிகுளம்

தங்கச்சி, எழுதியிருப்பது உண்மை. 13ஆவது திருத்தம் 18ஆம் உறுப்புரையில் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்பதை 1988 டிசம்பரில் 16ஆவது திருத்தம் உறுதியாக எழுதி வைத்தது. இந்த இரண்டுக்கும் உரிய துண்டுகளைத்தான் என் பழைய யாப்புப் புத்தகத்தில் முதலில் பசை தடவி ஒட்டினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒட்டி ஒட்டித் தடித்துப்போன அந்தப் புத்தகத்தை 2008இல் மல்லாவியில் இருந்து தூக்கிக்கொண்டு போனேன். விசுவமடு வரைக்கும் பையில் இருந்தது.

எனக்கும் ஓய்வூதியம் சம்பந்தமாக ஒரு அலுவலகத்தில் இருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாசிப்பிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது, எத்தனை பிள்ளைகளுக்கு 18ஆம் உறுப்புரையைப் பாடமாக்கக் கொடுத்தவள் நான். கடிதத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்துடன் ஒரு தாள் இணைத்துத் திருப்பி அனுப்பினேன். ஆறு கிழமையில் தமிழில் வந்தது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். இன்ன திகதியிட்ட, இன்ன இலக்கமுள்ள கடிதம் சிங்களத்தில் மட்டும் கிடைத்தது, அரசியலமைப்பின் 18ஆம், 22ஆம் உறுப்புரைகளின்படி தமிழில் தரவும் என்று இரண்டு வரி போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பற்றுச்சீட்டின் பிரதியுடன் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். எழுதத் தயக்கமாக இருந்தால் உங்களுக்கு வந்த கடிதத்தின் பிரதியை இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், முதல் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.